பகடை உருட்டினால் பேச்சு வருமா?

வாசகர் கேள்வி – பதில்

மேசைக் கதைவிளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு, மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். அநேகமாக எல்லாக் கடிதங்களிலும் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை இருந்தது. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

குறிப்பைப் படிக்காதவர்களுக்காக: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி நிலைமையைச் சொல்வார். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுபவர் சொல்வார். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்மானிக்கும். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு மூத்தது.

என் மகனுக்கு 12 வயது. சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். வீட்டில் நாலு வார்த்தை பேசுவான், வெளியே வாயே திறக்க மாட்டான். மதியிறுக்கம் என்றார் டாக்டர். இந்த விளையாட்டு ஆடினால் பேசுவானா?
– ஒரு தாய், தோட்டத்து லயத்திலிருந்து

அப்படி வாக்குக் கொடுக்க எங்களால் முடியாது, அம்மா. கொடுக்கிறவர்கள் யாராவது வந்தால் அவர்களையும் நம்பாதீர்கள். பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தால் அதை நிறுத்த வேண்டாம். விளையாட்டு அதற்கு மாற்று இல்லை.

ஆனாலும் இந்த மேசையில் சில பிள்ளைகள் வாய் திறப்பதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை நினைத்துப் பாருங்கள். யார் எப்போது பேசலாம், எந்தச் சிரிப்பு கேலி, எது நட்பு, கூட்டத்துக்குள் எப்படி நுழைவது, இதையெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. மற்ற பிள்ளைகள் காற்றிலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் மகனுக்கு அது ஓயாத பரீட்சை. மேசையிலோ யாருடைய முறை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கேள்வி ஒன்றுதான் வருகிறது. பதிலுக்கு என்ன விளைவு என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. பேச ஒரு காரணமும் கிடைக்கிறது: பாலம் உடைந்திருக்கிறது, கயிறு அவன் பாத்திரத்தின் பையில் இருக்கிறது, மற்ற மூவரும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனம் புரியாது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். தாமே ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012ல் அதை மறுத்தார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, நமக்கும் அவர்கள் மனம் புரிவதில்லை என்பது அவர் வாதம். அதனால்தான் உங்கள் மகனைப் போன்ற இன்னொருவரையும் அதே மேசையில் உட்கார வையுங்கள் என்கிறோம். 2024ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிறு குழுக்களாகச் சில வாரங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினார்கள். வெளியுலகில் போட்டுக்கொள்ளும் முகமூடியை அங்கே கழற்றி வைக்க முடிந்ததாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வு, அதுவும் பெரியவர்களிடம் செய்தது. அதை வைத்து உங்கள் பிள்ளைக்கு இன்னது நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். விளையாட்டைப் பேச்சு வகுப்பாக மாற்றிவிடாதீர்கள். “முழு வாக்கியமாச் சொல்லு, அப்பத்தான் உருட்டலாம்” என்று சொன்ன அந்த நிமிடமே அது இன்னொரு பரீட்சையாகிவிடும். படத்தைச் சுட்டிக் காட்டினாலும் போனில் தட்டிக் காட்டினாலும் அதுவும் பதில்தான்.

பிறகு, ‘மதியிறுக்கம்’ என்ற சொல். பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிள்ளைகளின் மதியில் இறுக்கம் எதுவும் இல்லை. ஆட்டிசம் என்றே சொல்வோம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். சனிக்கிழமைகளில் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொதுமண்டபத்தில்) ஒரு குழு தொடங்க ஆசை. எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்னென்ன வாங்க வேண்டும்? இங்கிலீஷ் விதிப்புத்தகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள், டீச்சர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தமிழில் பெயர்த்துக்கொள்ளலாம். ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு அது தேவைப்படாது. இரண்டு சாதாரணப் பகடையும் ஒரு பக்க விதியும் இருந்தால் போதும்.

ஆடுபவர் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு. ஐந்தாவது ஆள் சேர்ந்தால் ஒருவருடைய முறை வர ஏழெட்டு நிமிடம் ஆகும், காத்திருக்கும் பிள்ளை எழுந்து போய்விடும். கதைசொல்லியைத் தவிர இன்னொரு பெரியவர் கட்டாயம் வேண்டும். யாராவது வெளியே போக நினைத்தால் கூடப் போக ஆள் வேண்டும், பாதுகாப்புக்கும் இரண்டு பெரியவர் இருப்பதே முறை. பெற்றோர் வாசலுக்கு வெளியே உட்காரட்டும். “நல்லாப் பேசுடா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் போதும், பிள்ளை மேசையை விட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

மொத்தம் 75 நிமிடம். வந்து உட்கார 10, போன வாரக் கதையை நினைவுபடுத்த 5, ஆட்டம் 20, இடைவேளை 10, மறுபடி ஆட்டம் 20, முடித்து எடுத்து வைக்க 10. இதை ஆறு படங்களாக வரைந்து ஒரு கயிற்றில் துணிக்கிளிப்பால் மாட்டுங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்காது. நேரம் காலை 10 மணியாக இருக்கட்டும். சாயங்காலம் வைத்தால் தகரக் கூரையில் மழை கொட்டும்போது யார் பேசுவதும் காதில் விழாது. இடைவேளையில் என்ன தின்னக் கொடுக்கிறீர்கள் என்பதும் வாராவாரம் ஒன்றாகவே இருக்கட்டும். மைலோ என்றால் மைலோதான், திடீரென்று சிரப் வேண்டாம்.

சாமான்கள்: பகடை மரமேசையில் விழும் சத்தம் சில பிள்ளைகளுக்குக் காதில் ஊசி குத்துவது போலிருக்கும். பிளாஸ்டிக் டப்பா மூடியில் பழைய துவாலையை விரித்து அதற்குள் உருட்டச் சொல்லுங்கள். பிஸ்கட் டின் மூடி வேண்டாம், அது இன்னும் மோசம். சீலிங் ஃபேன் காற்றில் தாள் பறக்கும், ஆளுக்கொரு கிளிப்போர்டு வாங்குங்கள். குழல்விளக்கு மினுக்கினால் அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள். நமக்குத் தெரியாத மினுக்கல்கூட அவர்களில் சிலருக்குத் தொந்தரவாக இருக்கலாம்.

யாருடைய முறை என்று காட்ட ஒரு ரப்பர் மரத்துக் கொட்டையை வைத்துக்கொள்ளலாம். வழவழப்பாக, கைக்கு இதமாக இருக்கும், தோட்டத்தில் தேட வேண்டிய அவசியமும் இல்லை. கொட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். ஆனால் கையில் கிடைப்பதை வாயில் போடும் பிள்ளை குழுவில் இருந்தால் ரப்பர் கொட்டை கூடவே கூடாது. பச்சைப் பருப்பில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அப்போது வாய்க்குள் போகாத பெரிய மரக்கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தாள் ஒரு ஏ4 பக்கம். பெயர், ஒரு படம், மூன்று திறமை: பலம், சாமர்த்தியம், பேச்சு. ஒன்றுக்கு 2, ஒன்றுக்கு 1, ஒன்றுக்கு 0 என்று பிள்ளையே பிரித்துக்கொள்ளட்டும். தாளின் ஓரத்தில் பத்து துணிக்கிளிப், அதுதான் உயிர். அடிபட்டால் ஒன்றைக் கழற்ற வேண்டும். எண்ணை அழித்து எழுதுவதைவிட இது விரலுக்கும் கண்ணுக்கும் நன்றாகப் புரியும். பத்தும் போனால் பாத்திரம் சாகாது, மயங்கிக் கூடாரத்துக்குத் திரும்பும். இதை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முதல் வாரத்தில் கதையே வேண்டாம். பாத்திரம் செய்யுங்கள், பகடையை உருட்டிப் பாருங்கள், யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்யுங்கள். அந்த இடத்தை வாராவாரம் மாற்றாதீர்கள். கதையில் என்ன வரக்கூடாது என்றும் அன்றைக்கே கேட்டு வையுங்கள். நாய், ஊசி, வெள்ளம், யாராவது காணாமல் போவது, எதுவாகவும் இருக்கலாம். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

புதிதாகக் கதை சொல்கிறவர்கள் அதிகம் செய்யும் தவறு ஒன்று உண்டு. “இப்ப என்ன செய்யப் போறே?” என்று கேட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தையே பார்ப்பார்கள். கேள்வி கடல் மாதிரி விரிந்து கிடந்தால் எங்கே கால் வைப்பது? மூன்று அட்டையை முன்னால் வையுங்கள்: ஆற்றைக் கடப்பது, காவலாளியிடம் பேசுவது, ஒளிந்துகொள்வது. நாலாவது அட்டை வெறுமையாக இருக்கட்டும், ‘வேறு’ என்று எழுதி. கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இடையில் அதே கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்காதீர்கள். கேட்டால் பாதி யோசித்து வைத்திருந்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பத்து வினாடி மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும். பழகிக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூடியூப் பார்த்து இங்கிலீஷில் பேசும் பிள்ளை இங்கிலீஷிலேயே பேசட்டும், மலாய் கலந்தால் கலக்கட்டும். தமிழ் வளர்க்க வேறு நாள் இருக்கிறது, டீச்சர்.

என் மகள் வீட்டில் அண்ணன்மாரோடு ஆடுகிறாள். சிறிய எண் விழுந்தால் பகடையை வீசிவிட்டு அழுகிறாள். அவளுக்குத் தெரியாமல் எண்ணை மாற்றிச் சொல்லலாமா?
– ஒரு தகப்பனார்

வேண்டாம் ஐயா. ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பிறகு நிஜமாகவே பெரிய எண் விழுந்தாலும் நம்ப மாட்டாள். கதைசொல்லி உருட்டுவதும் எல்லார் கண்ணெதிரிலும் நடக்கட்டும்.

மாற்ற வேண்டியது பகடையை. அண்ணன்மார் இருபது முகப் பகடை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். அதில் ஒன்று விழவும் இருபது விழவும் ஒரே அளவு வாய்ப்பு, ஒவ்வொரு முகத்துக்கும் நூற்றுக்கு 5. அதனால்தான் எண் தாறுமாறாகக் குதிக்கிறது. ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டினால் நடு எண்களே அதிகம் விழும். 36 விதத்தில் 7 வருவது ஆறு விதம், 2 வருவது ஒரே விதம். இலக்கு 6, அதாவது ஆறோ அதற்கு மேலோ வந்தால் வெற்றி என்று வைத்தால் ஏறக்குறைய நூற்றுக்கு 72 தடவை வெற்றி. 7 என்றால் 58, 8 என்றால் 42. முதல் மாதம் 6லேயே வைத்திருங்கள். பழகியபின் 7. பாத்திரத்தாளில் உள்ள திறமை எண்ணை மேலே கூட்டும்போது வாய்ப்பு இன்னும் ஏறும். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி அவள் பக்கத்திலேயே வையுங்கள். எண்ணிப் பார்க்கப் பிடித்த பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

அதைவிட முக்கியமான ஒன்று: உருட்டும் முன்பே இரண்டு முடிவையும் சொல்லிவிடுங்கள். “ஆறோ அதற்கு மேலோ வந்தால் கதவு சத்தமில்லாமல் திறக்கும். கீழே வந்தால் கதவு திறக்கும், ஆனால் கிறீச்சென்ற சத்தத்தில் காவலாளி விழித்துக்கொள்வான்.” கவனித்தீர்களா, இரண்டிலும் கதவு திறக்கிறது. சிறிய எண் கதையை நிறுத்துவதில்லை, வேறு பக்கம் திருப்புகிறது. அவளை அழ வைப்பது பெரும்பாலும் தோல்வி அல்ல, அது எதிர்பாராமல் வந்ததுதான். கூடவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று அதிர்ஷ்டக் கொட்டை கொடுங்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி உருட்டலாம்.

பகடை என்றாலே சூது, பாண்டவர் நாட்டை இழந்தது தெரியாதா என்கிறார் என் மாமியார். பேய் பூதம் வருவதும் அவருக்குப் பிடிக்கவில்லை.
– மருமகள், கோலகங்சார் சாலை

பணயம் வைத்தால்தான் சூது. தாயமும் பரமபதமும் ஆடிய தலைமுறை அல்லவா அவர்? ஒரு நாள் கூடவே உட்கார வையுங்கள்.

பேய் விஷயத்தில் நாங்கள் மாமியார் பக்கம். சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, கதையில் வந்த பேய் ராத்திரி லயத்தின் பின்பக்கத்துக்கும் வரும். எல்லைச் சாமியையும் முனியையும் கதைக்குள் கொண்டு வராதீர்கள், அது கும்பிடுகிறவர்கள் மனதையும் புண்படுத்தும். செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்த காட்டுப்பன்றி, வெள்ளத்தில் போன பாலம், காணாமல் போன மாடு, இதுவே போதுமான ஆபத்து. பொய் சொல்லும் பாத்திரம் வருவதாக இருந்தால் அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள்: “இன்றைய கதையில் ஒருவர் உண்மை சொல்ல மாட்டார்.” சொல்லாமல் விட்டால், ஏமாற்றியது கதைசொல்லியே என்று பிள்ளை நினைக்கும்.

தம்பிக்கு 14 வயது. ரயில் என்றால் உயிர். எந்தக் கதையானாலும் பாடாங் பெசார் போகும் இ.டி.எஸ். மின்ரயிலின் நேரத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். விதி கொஞ்சம் தவறினாலும் எல்லாரையும் திருத்துகிறான். மற்றவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.
– அக்கா, சுங்கை சிப்புட்

ரயிலை வெளியே தள்ளாதீர்கள், கதைக்குள் கொண்டு வாருங்கள். அவன் பாத்திரம் நிலைய அதிகாரியாக இருக்கட்டும். வெள்ளத்தில் தண்டவாளம் அறுந்துவிட்டது, எந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று அவனைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். அவனிடம் இருக்கும் அறிவு குழுவுக்குத் தேவைப்படுகிறது என்றால் யாரும் சலிக்க மாட்டார்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ‘செய்தி நேரம்’ என்று வைத்து, ஆளுக்கு ஒரு நிமிடம் பிடித்ததைப் பேச விடுங்கள். நடுவில் ரயில் வந்தால் தாளில் எழுதி வைத்து அடுத்த வாரச் செய்தி நேரத்தில் சொல்லலாம். எழுதி வைத்ததை மறந்துவிடாமல் கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

விதியைத் திருத்துவது திமிரால் அல்ல. விதி மாறாமல் இருந்தால்தான் அவனுக்கு அந்த மேசை பத்திரமான இடம். அவனையே விதிக்காப்பாளராக ஆக்கி, விதித்தாளை அவன் கையில் கொடுங்கள். யாராவது கேட்டால் படித்துச் சொல்வது அவன் வேலை. தாளில் இல்லாத சந்தேகம் வந்தால் கதைசொல்லி அன்றைக்கு ஒரு முடிவு சொல்வார், ஆட்டம் தொடரும். முடிந்தபின் இருவரும் சேர்ந்து அதைப் புது விதியாக எழுதிக்கொள்ளட்டும்.

போன வாரம் பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்தார்கள். மகன் காதைப் பொத்திக்கொண்டு கத்தி, தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான். ஆட்டத்தை நிறுத்தினோம். இனி வேண்டாம் என்று விட்டுவிடவா?
– ஒரு தாய்

விட வேண்டாம். அது அடம் இல்லை. அடம் என்றால் கேட்டது கிடைத்ததும் நிற்கும். இது பாரம் தாங்காமல் உடைந்துபோவது, கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், ஒரே ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும். மற்ற பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள். தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணை வையுங்கள். அவனுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தாலொழிய கட்டிப் பிடிக்காதீர்கள். சமாதானக் கேள்வி, மிட்டாய், மிரட்டல், எதுவும் அப்போது உள்ளே போகாது. அடங்கியபின் தண்ணீர், இருட்டு, ஓய்வு. என்ன நடந்தது என்று அன்றைக்கே விசாரிக்க வேண்டாம். தலையில் பலமாக அடிபட்டிருந்தால், வாந்தி எடுத்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அடுத்த முறை மூலையில் ஒரு நாற்காலியை மேசைக்கு முதுகு காட்டிப் போட்டு, காதுமூடி ஒன்றையும் வையுங்கள். மேசை நடுவே பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை இருக்கட்டும். மஞ்சளைத் தொட்டால் கதை மெதுவாகும், சிவப்பைத் தொட்டால் உடனே நிற்கும். முதல் நாள் நீங்களே ஒரு தடவை சிவப்பைத் தொட்டுக் காட்டுங்கள். பெரியவர்கள் தொடாத அட்டையைப் பிள்ளைகளும் தொட மாட்டார்கள். அவன் எழுந்து போனால் அவன் பாத்திரம் கூடாரத்தில் தூங்குகிறது, யாரும் அதற்கு எதுவும் செய்யக்கூடாது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் ஆட்டம் வேண்டாம். இல்லை என்பதை நாள்காட்டியில் முன்னாலேயே குறித்துவிடுங்கள்.

எனக்கு 17 வயது. எனக்கே ஆட்டிசம். குழுவில் பாத்திரத்தின் குரலில் நடித்துப் பேசு என்கிறார்கள், எனக்கு வராது. ஆனால் கதைசொல்லியாக இருக்க ஆசை. முடியுமா?
– ஐந்தாம் படிவ மாணவன்

முடியும், தம்பி. நடிப்பது கட்டாயம் இல்லை. “என் வீரன் கதவைத் தட்டி, வழி கேட்கிறான்” என்று சொன்னாலே அது முழுமையான ஆட்டம். இதை உங்கள் குழுவிடம் காட்டுங்கள்.

முதலில் முழுக் கதையை எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போதைய கதைசொல்லியிடம் இரண்டாவது 20 நிமிடத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஒரு தாளில் மூன்று இடம் வரையுங்கள்: பழைய ரப்பர்த் தோட்டத்து ஸ்டோர், ஆறு, மலையடிக் குகை. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒன்று தேவைப்படுகிறது. அதற்கு மேல் எழுதாதீர்கள், எழுதியபடி யாரும் ஆட மாட்டார்கள். அவர்கள் நீங்கள் நினைக்காத ஒன்றைச் செய்யும்போது திகைப்பாக இருக்கும். அதற்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கட்டும்: “ஒரு நிமிடம், யோசித்துச் சொல்கிறேன்.” மற்றவர்களுக்குக் கிடைக்கிற அந்தப் பத்து வினாடி உங்களுக்கும் உண்டு. முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஒரு தடவையும், 5 நிமிடம் இருக்கும்போது ஒரு தடவையும் சொல்லிவிட்டு, எல்லாரும் பத்திரமாக இருக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த வாரம் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தாளின் அடியில் எழுதி, அதை விதிக்காப்பாளரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.